பேரமும் மன்றாட்டும்

சொற்களுக்கு வரலாறு உண்டு என்பதைத் தமிழ் படித்தோர் எல்லோரும் ஒப்புக்கொள்வர். ஆனால் ஒரு சொல் எவருடைய வாயில் வழங்குகிறது, எவருடைய வாய்க்கு எட்டாமல் நிற்கிறது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. சொல்லாராய்ச்சி என்றால் வேர், விகுதி, திரிபு என்பவற்றோடு முடிந்துவிடுவது என்றே பல்கலைக்கழகத்தில் நாம் கற்றோம். அந்தப் பழக்கத்திலிருந்து நம்மை அசைத்தது ஒரு நூலன்று. வகுப்பறையில் ஒரு மாணவி சொன்ன விடை.

ஹட்டன் பகுதியில் நாம் கற்பிக்கும் பாடசாலையிலே, பத்தாந் தரத்துக்கு ஆங்கில ஆசிரியர் வராத ஒரு பாடவேளையில், அவர்களுடைய ஆங்கிலப் பாடத்தில் வந்த 'பார்கின்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டோம். "மலிவு விற்பனை, சேர்" என்றான் ஒருவன். "கடையில வெலயக் கொறைக்கச் சொல்லுறது" என்றான் மற்றொருவன். இரண்டும் பிழையல்ல. அதன் முன்னே 'கலெக்டிவ்' என்ற சொல்லைச் சேர்த்தால் என்ன பொருள் என்று அடுத்துக் கேட்டோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். தாயும் தந்தையும் தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள். "தலைவர்மாரு கொழும்புக்குப் போயி நமக்குச் சம்பளம் கூட்டி வாங்கிக்கிட்டு வாறது, சேர்" என்றாள்.

அந்த விடையை நாம் திருத்தவில்லை. திருத்த நமக்கு என்ன தகுதி இருந்தது? அவள் கண்டதை அவள் சொன்னாள். ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தினுள்ளே நூறாண்டு வரலாறு அடங்கியிருப்பதை வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தோம். 'தலைவர்மார்', 'கொழும்பு', 'வாங்கிக்கிட்டு வாறது'. கூட்டாகப் பேரம் பேசுதல் என்ற கருத்திலே 'கூட்டு' எங்கே? 'பேசுதல்' எங்கே? கொடுப்பவர் ஒருவர், வாங்கி வருபவர் ஒருவர், காத்திருப்பவர் பலர் என்ற காட்சியல்லவா எஞ்சி நிற்கிறது? அச்சொல் எங்கே பிறந்தது, எப்படி நம் மலைகளுக்கு வந்தது, வரும் வழியில் எதை இழந்தது என்பதையே இக்கட்டுரையில் ஆராய முயல்கிறோம்.

'பார்கின்' என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்கு அது ஜெர்மானிய மொழிக் குடும்பத்து வேர் ஒன்றிலிருந்து சென்றிருக்க வேண்டும் என்பது அகராதி அறிஞர் பலர் கொள்ளும் கருத்து. அவ்வேர், கடன் வாங்குதலைக் குறிக்கும் 'பொரோ' என்ற ஆங்கிலச் சொல்லோடு உறவுடையது. பிணை, ஈடு என்பன அதன் பழம்பொருள்கள். ஆகவே ஒப்புக்கொண்ட விலை என்ற பொருளுக்கு அடியிலே கடனும் ஈடும் கிடக்கின்றன.

இதற்கு நெருங்கிய மற்றொரு சொல் 'ஹாகிள்'. சந்தையில் நின்று காசு காசாக விலையைக் குறைத்து வாதிடுதல் என்பது இன்று அதன் பொருள். அதன் வேரோ ஸ்கந்திநேவிய மொழியில் வெட்டுதல், கொத்துதல் என்பதாகும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் இச்சொல்லைக் கோணல்மாணலாக வெட்டிச் சிதைத்தலுக்கு வழங்கினர். அதையடுத்தே விலையைச் சிறிது சிறிதாக வெட்டுதல் என்ற பொருள் நிலைபெற்றது.

மூன்றாவது சொல் நம் சிறுவர்களும் அறிந்த 'சீப்'. பழைய ஆங்கிலத்தில் இதற்கு மலிவு என்ற பொருள் இருக்கவில்லை. வாணிபம், கொள்ளல், விலை என்பனவே பொருள். இலண்டனில் சீப்சைட் என்ற தெருவின் பெயர் பழைய சந்தையை நினைவூட்டி நிற்கிறது. 'நல்ல சீப்' என்றால் வாங்குவோனுக்கு நல்ல வாணிபம். காலப்போக்கில் 'நல்ல' என்ற அடை உதிர்ந்து, வாணிபத்தைக் குறித்த சொல்லே மலிவைக் குறிக்கும் சொல்லாயிற்று. வாங்குவோனின் கண்கொண்டு மட்டுமே சந்தையைப் பார்த்ததன் விளைவு இது. விற்பவனுக்கும் நல்ல வாணிபம் என்று ஒன்று உண்டல்லவா?

கடன், வெட்டு, மலிவு: இம்மூன்று சொற்களைக் கொண்டே மலையகத்தின் வரலாற்றை எழுதிவிடலாம்.

முதலாவது கடன். கோப்பிக் காலத்திலும், 1867ல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடக்கிவைத்த தேயிலைக் காலத்திலும், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. துரையிடம் அவர் முற்பணம் பெற்றார். அப்பணம் வழிச்செலவாகவும் பழைய கடன் தீர்க்கும் பணமாகவும் தொழிலாளியின் தலையில் எழுதப்பட்டது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று ஒரு துரை எழுதிக் கொடுக்கும் காகிதமே துண்டு. அதை வைத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்தில் விலை பேசினார். பேரம் நடக்காமலில்லை, நன்றாகவே நடந்தது. ஆனால் பேசியவர்கள் துரையும் கங்காணியும். பேசப்பட்ட பண்டம் தொழிலாளி. துண்டு முறை 1921ல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்டது காகிதம், தனக்காகத் தானே விலை பேசும் பழக்கத்தை எந்தச் சட்டமும் உடன் கொண்டுவரவில்லை.

இரண்டாவது வெட்டு. இதைக் காண அகராதி வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்துக்குப் போனால் போதும். தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலைக்கு 'பேர்' என்று பெயர். குறித்த கிலோ கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தராசின் முன்னே சாக்கின் நிறை என்று ஒரு கழிவு, இலையின் ஈரம் என்று ஒரு கழிவு. காலை முதல் சரிவில் நின்று, அட்டைக்கடிக்கும் மழைக்கும் ஈடுகொடுத்து நிறைத்த கூடையிலிருந்து ஒரு கிலோவும் இரண்டு கிலோவுமாக வெட்டப்படும்போது, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல நினைப்பவள் நாளைய பெரட்டுக்களத்தை எண்ணி வாய் மூடுகிறாள். நாள்தோறும் நடப்பது இதுதான்: வெட்டுதல் என்ற பழைய பொருளிலேயே 'ஹாகிள்'. ஆனால் வாதிட இருவர் வேண்டும். இங்கே வெட்டுபவர் மட்டும் உண்டு.

மூன்றாவது மலிவு. அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் தேயிலை ஏலம் 1883ல் தொடங்கியது, இன்றளவும் நடைபெறுகிறது. நம் மலையில் பறித்த இலை பெட்டியிலும் பையிலும் ஏறி அங்கே சேர்ந்ததும், அதன் நிறம், மணம், சுவை எல்லாம் ஆராயப்பட்டு, ஒருவர் ஒரு விலை சொல்ல மற்றவர் அதற்கு மேல் சொல்ல, பேரம் நிகழ்கிறது. இலைக்குப் பேரம் உண்டு. அதைப் பறித்த விரலுக்கு இல்லை.

இனி, 'கூட்டு' என்ற சொல் எவ்வாறு பேரத்தோடு சேர்ந்தது என்று பார்ப்போம். 1776ல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்ற நூலிலே அடம் ஸ்மித் கூலியைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை மறைக்காமல் சொன்னார். முதலாளியும் தொழிலாளியும் பிணங்கி நின்றால், முதலாளி ஓரிரு ஆண்டுகள் கையிருப்பைக் கொண்டு வாழலாம். தொழிலாளரில் பலருக்கோ வேலையின்றி ஒரு வாரம் தாக்குப்பிடிப்பதே அரிது. நீண்டகாலத்தில் இருவருக்கும் ஒருவர் மற்றவர் தேவை. ஆயினும் அத்தேவையின் அவசரம் ஒன்றல்ல. பேரத்தின் உயிர்நிலை இங்கே இருக்கிறது. நாவன்மையால் எவனும் பேரத்தில் வெல்வதில்லை. காத்திருக்கக் கூடியவனே வெல்கிறான். முதலாளிமார் தமக்குள் ஒன்றுகூடுவதை எவரும் பொருட்படுத்துவதில்லை, தொழிலாளர் கூடினால் மட்டும் கூக்குரல் எழுகிறது என்பதையும் அவரே கண்டு எழுதினார். அவர் மறைந்து சில ஆண்டுகளில், 1799லும் 1800லும், தொழிலாளர் கூட்டுச் சேர்வதைத் தடைசெய்யும் சட்டங்கள் பிரித்தானியாவில் வந்தன. 1824ல்தான் அவை நீக்கப்பட்டன.

தனியொருவன் காத்திருக்க இயலாது. பலர் சேர்ந்தால் இயலும். இந்த எளிய உண்மைக்கு ஒரு பெயர் வைத்தவர் பீட்றிஸ் பொட்டர் என்ற பெண்மணி. பிரித்தானியக் கூட்டுறவு இயக்கத்தைப் பற்றி 1891ல் அவர் எழுதிய நூலிலேதான் 'கலெக்டிவ் பார்கினிங்' என்ற தொடர் முதன்முதலாக வழங்கியது என்பர். பின்னர் சிட்னி வெப்பை மணந்து, இருவருமாக எழுதி 1897ல் வெளியிட்ட 'தொழில்துறை ஜனநாயகம்' என்ற பெருநூலில் தொழிற்சங்கங்கள் கையாளும் மூன்று வழிகளை வகுத்துக் காட்டினார்கள்: அங்கத்தினர் ஒருவருக்கொருவர் உதவும் பரஸ்பரக் காப்பு, கூட்டுப் பேரம், சட்டத்தின் வழி நிர்ணயம். இந்நூலை சைபீரியாவில் நாடுகடத்தப்பட்டிருந்த காலத்தில் ரஷ்ய மொழிக்குப் பெயர்த்தவர்கள் லெனினும் குரூப்ஸ்காயாவும் என்பது நம் வாசகர் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். வெப் தம்பதியரின் அரசியலோடு லெனின் உடன்பட்டவரல்லர். ஆயினும் சங்கம் எவ்வாறு இயங்குகிறது என்ற அறிவு, மாற்றுக் கருத்தினர் எழுதிய நூலில் இருந்தாலும், மொழிபெயர்க்கத் தக்கது.

அத்தொடர் தமிழுக்கு வந்த கதை வேறு. 'கூட்டுப் பேரம்' என்று தமிழ்நாட்டிலும், 'கூட்டுப் பேரம்பேசல்' என்று இலங்கையிலும் கலைச்சொல் ஆக்கினர். மொழிபெயர்ப்பில் குற்றமில்லை. 'பேரம்' நமக்குப் பழகிய சொல். தெலுங்கிலும் 'பேரமு' என்று விற்றல் வாங்கலுக்கு வழங்குகிறது. ஆனால் அச்சொல்லுக்கு நம் நாவில் ஒரு கறை உண்டு. கண்ணியமானவன் பேரம் பேசமாட்டான்; மீன்காரியிடமும் கீரைக்காரியிடமும் பேசுவதே பேரம். அரசியலில் அணி மாறுவோரின் விலையைக் 'குதிரை பேரம்' என்கிறோம். ஆதலால் மலையகத்தின் மேடைகளில் இச்சொல் ஏறவேயில்லை. அதற்குப் பதிலாக இரண்டு சொற்கள் வந்தன. ஒன்று 'பேச்சுவார்த்தை', மற்றொன்று 'கூட்டு ஒப்பந்தம்'.

இவ்விரண்டையும் நாம் குறைகூறக் காரணம் உண்டு. 'பேச்சுவார்த்தை' என்பது, நடுவே விலை ஒன்று கிடப்பதை மறைத்துவிடுகிறது. நாடுகளின் தூதர்களும் பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள், சம்பந்திகளும் நடத்துகிறார்கள். 'ஒப்பந்தம்' என்பதோ முடிவைக் குறிக்கிறது. முடிவுக்கு முன் நிகழவேண்டிய செயலைக் குறிப்பதில்லை. கூட்டுப் பேரம் என்ற வினையிலிருந்து வினை கழிந்து, விளைவு மட்டும் ஒரு காகிதமாக மலையேறி வந்தது. அக்காகிதத்தைத் தொழிலாளர் பார்த்தார்களா? நாம் கேட்டறிந்தவரை, தம் சம்பளத்தை நிர்ணயித்த ஒப்பந்தத்தின் பிரதியை லயத்தில் வைத்து ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டதாகச் சொன்னவர் எவருமிலர்.

விற்பவள் தானே விலை கூறுவது நம் மரபுக்குப் புதிதன்று. அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் ஒருத்தி வருகிறாள். நெல்லுக்கு நிகர் உப்பு என்று சேரித் தெருவிலே தானே கூவிச் செல்கிறாள். எவரும் அவளுக்காக விலை வாங்கித் தரவில்லை. அவள் அளவை அவளே சொன்னாள். இதைப் படித்துக் காட்டும் ஆசிரியர்கள் அவளுடைய அழகை விளக்குவதோடு நின்றுவிடுகிறோம். அவளுடைய குரலையும் விளக்கவேண்டும்.

அதற்கு மாறாக, மலையகத்து நாட்டார் பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். பொழுது இறங்கிய பின்னும் எசமானின் மனம் இரங்கவில்லையே என்று கேட்கும் பாடல் ஒன்று மலையெங்கும் வழங்கியது. நெஞ்சை உருக்கும் பாடல்தான். ஆனால் அதன் இலக்கணம் என்ன? இரத்தல். நேரம் முடிந்துவிட்டது என்பது தொழிலாளியின் உரிமை. பாடலிலோ அது எசமானின் கருணையாகிவிடுகிறது. மன்றாட்டுக்கும் பேரத்துக்கும் உள்ள வேற்றுமை இதுதான். மன்றாடுபவனிடம் கொடுக்காமல் நிறுத்திவைக்க எதுவுமில்லை. பேரம் பேசுபவனிடம் ஒன்று உண்டு. அதை அவன் கொடுக்கவும் கூடும், மறுக்கவும் கூடும். மறுக்கும் ஆற்றல் இல்லாத இடத்தில் எத்தனை சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்தாலும் அது மன்றாட்டே.

மலையகத் தொழிலாளர் மறுக்க முயலாதவர்களா? அல்லர். 1920களில் கோ. நடேசய்யர் துரைமாரின் தடைகளை மீறித் தோட்டங்களுக்குள் நுழைந்து, எளிய தமிழில் துண்டுப் பிரசுரங்களும் ஏடுகளும் எழுதி, 1931ல் ஹட்டனை நிலையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மை தொழிலாளர் நிலையைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் பாடினார். இரங்கச் சொல்லும் பாட்டுக்குப் பக்கத்திலே, எழச் சொல்லும் பாட்டு அன்று பிறந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி 10ஆம் திகதி உயிரிழந்தார். அதே ஆண்டில் தோட்ட முதலாளிமார் தரப்புக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்த வரிசையை நாம் மறக்கக்கூடாது. முதலில் மறுப்பு, பிறகு மேசை. மறுப்பு இருந்ததனாலேயே மேசை வந்தது.

அடுத்த ஆண்டில், 1941ல், சம்பளச் சபைச் சட்டம் நிறைவேறியது. முதலாளி, தொழிலாளி, அரசு நியமித்தோர் ஆகிய மூன்று தரப்பும் அமர்ந்து மிகக்குறைந்த சம்பளத்தைத் தீர்மானிக்கும் முறை இது. இந்திய அரசின் வற்புறுத்தலால் வந்த 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கு அடுத்த பெரிய படி. வெப் தம்பதியர் வகுத்த மூன்று வழிகளில் இது மூன்றாவது.

பேரத்துக்கு எடை வேண்டும் என்றோம். அந்த எடையை ஒரே வெட்டில் குறைத்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அவர்களுள் ஒருவர் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த தேர்தலுக்குள் அவர்களுக்கு வாக்களித்தோரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று இரு அரசுகளும் உடன்பட்டன. மக்களிடம் கேட்காமல் மக்களையே பங்கிட்ட இதற்கும் 'ஒப்பந்தம்' என்றே பெயர். துண்டுக் காகிதத்தின் நினைவு நமக்கு வருவதில் வியப்பென்ன? பேசியவர் வேறு, பேசப்பட்டவர் வேறு.

1992ல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் முதலாளிமார் சம்மேளனமும் குறித்த சில தொழிற்சங்கங்களும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் செய்வது வழமையாயிற்று. இந்த ஒப்பந்தங்களின் மொழியைச் சற்றே நுணுகிப் பார்க்கவேண்டும். 2016ல் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதனைப் பிரித்தால்: அடிப்படைச் சம்பளம் 500, வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப் பங்கு 30. குறித்த அளவு நாட்கள் வந்தால்தான் அந்த 60. குறித்த அளவு பறித்தால்தான் அந்த 140. ஆகவே 730 என்பது ஒரு தொகையன்று, ஒரு நிபந்தனை வாக்கியம். 2019 ஜனவரியில் அடிப்படை 700, விலைப் பங்கு 50, மொத்தம் 750. அடிப்படை 200 ரூபாய் ஏறியது உண்மை. மொத்தத்தில் ஏறியது 20 ரூபாய். ஒருவர் மேடையில் 200 என்பார், மற்றொருவர் 20 என்பார், இருவரும் பொய்யரல்லர். எந்த இலக்கத்தைக் கேட்பது என்று அறிந்தவனுக்கே பேரம் கைகூடும். சதக் கணக்குத் தெரியாத பேரம் உலகில் எங்குமில்லை.

அந்த 1000 ரூபாய்க் கோரிக்கைக்கு ஓர் இடையீடு நிகழ்ந்ததையும் குறிப்பிடவேண்டும். 2018 ஒக்டோபரில் கொழும்பில் வேலைசெய்யும் மலையக இளைஞர் கறுப்புடை அணிந்து காலிமுகத் திடலில் திரண்டார்கள். அவர்கள் எந்த மேசையிலும் அழைக்கப்பட்டவர்களல்லர். கடைகளிலும் உணவகங்களிலும் பணிபுரியும் அந்தப் பிள்ளைகள் தம் தாய்மாருக்காக வந்தார்கள். 'கூட்டு' என்ற சொல்லுக்கு அன்று நகரத்தில் சிறிது நேரம் உயிர் வந்தது.

1000 ரூபாய் வந்தது. ஆனால் கூட்டுப் பேரத்தால் வரவில்லை. 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் தீர்மானம், அடிப்படை 900, கொடுப்பனவு 100 என்று வர்த்தமானியில் வெளியாயிற்று. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. சம்பளக் கூட்டு ஒப்பந்தம் அதோடு நின்றுபோயிற்று. பல தோட்டங்களில் ஒரு பேருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு மேலே ஏறியது. அதை எதிர்த்து வேலைநிறுத்தங்களும் நடந்தன. 2024ல் 1700 ரூபாய் என்ற அறிவிப்பு வந்து, வழக்கில் சிக்கி, செப்டெம்பரில் 1350 ரூபாய் சட்டபூர்வமாயிற்று. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அதை 1550 ஆக்கவும், அரசின் பொறுப்பில் வரவுக் கொடுப்பனவு 200 ரூபாய் சேர்த்து 1750 ஆக்கவும் முன்மொழிந்தது.

இந்த உயர்வுகளை நாம் இகழவில்லை. அரிசியும் மாவும் விற்கும் விலையில் ஒரு ரூபாயையும் இகழ்வதற்கு வயிறு நிறைந்தவனுக்கே துணிவு வரும். சட்டத்தின் வழி நிர்ணயம் தொழிலாளருக்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலில் நிற்க வலுவில்லாதவனுக்குச் சட்டம் ஒரு கைத்தடி. ஆனால் சட்டம் சம்பளத்தை வகுக்கிறது. கிலோவை வகுப்பது மடுவம். மேலே வர்த்தமானியில் 100 ரூபாய் ஏறும்போது, கீழே தராசில் இரண்டு கிலோ ஏறினால், ஏறியது எங்கே? கொழும்பில் இடப்படும் எந்தக் கையெழுத்தும் மடுவத்தில் நிற்கும் பெண்ணின் வாயைத் திறக்காது. அவளது பேரம் அங்கே, அந்தத் தராசின் முன்னேதான் தொடங்கவேண்டும்.

சட்டமும் அதற்கு முற்றிலும் எதிரியன்று. ஒழுங்குசேரவும் கூட்டாகப் பேரம் பேசவும் உள்ள உரிமை பற்றிய 1949ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் உடன்படிக்கையை இலங்கை 1972ல் ஏற்றது. 1999ல் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தைத் திருத்தியபோது, சம்பந்தப்பட்ட தொழிலாளரில் 40 சதவீதத்துக்குக் குறையாதோரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்தோடு பேரம் பேச முதலாளி மறுப்பது நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று சேர்த்தார்கள். 'பேரம் பேச மறுத்தல்' குற்றம் என்று சட்டப் புத்தகம் சொல்கிறது. ஆனால் 40 என்ற அந்த இலக்கம் நம்மைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்கிறது. ஒரே லயத்தில் மூன்று சங்கங்களுக்குச் சந்தா போகும்போது, நாற்பதை எட்டுவது எது? மேசைக்கு அப்பால் இருப்பவர் ஒரே சம்மேளனமாக அமர, இப்பால் இருப்பவர் கட்சிக்கொரு கொடியாகப் பிரிந்து நிற்பதை எந்தச் சொல்லால் குறிப்பது? 'கூட்டு' என்றா?

மற்றொன்றும் உண்டு. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். ஆணுக்குச் சமமான நாட்சம்பளமே அவர்களுக்கு 1984ல்தான் கிடைத்தது. தராசின் கழிவையும் மலையின் சரிவையும் விரலளவில் அறிந்தவர்கள் அவர்கள். சம்பளம் பேசும் மேசையில் அவர்களைக் காண்பது அரிது. உப்பு விற்றவளுக்கு இருந்த குரல் கொழுந்து பறிப்பவளுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி சங்கங்களின் தலைவாசலிலும் வைக்கப்படவேண்டியதே.

தேயிலை விலை விழுந்தால் கம்பனி எங்கே போகும் என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானது. அதற்கு விடையும் பேரத்திலேயே இருக்கிறது. ஏலத்தில் என்ன விலை, உற்பத்திச் செலவு என்ன, உரத்துக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு மேசைமீது விரிக்கப்படட்டும். விரித்த கணக்கின் முன் தொழிலாளியும் பொறுப்போடு பேசுவான். மூடிய கணக்கின் முன் அவனிடம் பொறுமையை எதிர்பார்ப்பது, பார்வைக்கு வராத பண்டத்துக்கு விலை சொல்லச் சொல்வது போன்றது.

ஆசிரியராகிய நாம் இதில் என்ன செய்ய இயலும்? சம்பளத்தை உயர்த்தும் வல்லமை நம் சுண்ணக்கட்டிக்கு இல்லை. ஆனால் சொல்லை அதன் உரியவரிடம் சேர்ப்பது நம் தொழில். 'பேரம்' என்ற சொல்லிலிருந்து அந்தக் கறையைக் கழுவவேண்டும். தன் உழைப்புக்குத் தான் விலை சொல்வது கண்ணியக் குறைவன்று. 'வாங்கித் தந்தார்கள்' என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம், எழுவாய் எங்கே என்று மாணவரைக் கேட்கப் பழக்கவேண்டும். 730ஐப் பிரித்துக் காட்டும் கணக்கைக் கணித பாடத்திலும், முல்லோயாவை வரலாற்றிலும், உப்பு விற்றவளைத் தமிழிலும் கற்பித்தால் எந்தப் பாடத்திட்டமும் இடிந்துவிடாது.

அடுத்த வாரம் அதே வகுப்பில், 2016ஆம் ஆண்டுக் கணக்கையும் 2019ஆம் ஆண்டுக் கணக்கையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதினோம். பிள்ளைகள் கூட்டினார்கள், கழித்தார்கள். பின்வரிசை மாணவி எழுதிய கொப்பியை வீட்டுக்குக் கொண்டு போனாள். மறுநாள் வந்து, "அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க, சேர்" என்றாள்.

"என்ன கேட்டார்?"

"கிலோ எவ்வளவுன்னு இதுல எங்க எழுதியிருக்குன்னு கேட்டாங்க."

நம்மிடம் விடை இருக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மன்றாட்டன்று.